எந்த வகைப் புத்தகம் உங்களுக்கு ஒத்துவரும்? புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள்? பிடித்தது எது என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற நாலைந்து பெயர்கள்தான் வரும். பிடிக்காமல் போனது எது, எந்த இடத்தில் அலுத்தது என்று கேட்டால்தான் அவருடைய ரசனை என்ன என்று பிடிபடும்.

பாதியில் நிற்கிற புத்தகங்களில் நிறைய நல்ல புத்தகங்கள் உண்டு. துப்பறியும் கதையின் வேகத்தைக் கரிசல் நாவலில் தேடியிருப்போம், இல்லையென்றால் இலக்கிய நாவலின் ஆழத்தைப் பேருந்து நிலையத்தில் வாங்கிய மாத நாவலில் தேடியிருப்போம். கிடைக்கவில்லை என்றதும் "எனக்கு வாசிப்பெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒவ்வொரு வகைப் புத்தகமும் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது, எதற்காக வாசகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், எதற்காகத் திட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்த ஏமாற்றத்தில் பாதி குறைந்துவிடும்.

முதல் வேலை: ஒரு தாளில் ஆறு வரி

உங்களைக் கட்டிப்போட்ட கதைகள் மூன்றை எழுதுங்கள். புத்தகமாக இருக்க வேண்டும் என்று இல்லை. சினிமா, தொடர், பாட்டி சொன்ன கதை, எதுவானாலும் சரி. அதற்குக் கீழே பாதியில் விட்ட மூன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் போடுங்கள். "போர்" என்று மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது, எதனால் போர் என்று எழுதணும். வாசகர்கள் சொல்கிற குறைகளைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்: கதை நகரவில்லை, ஆட்கள் மனதில் நிற்கவில்லை, மொழி புரியவில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், முடிவு பிடிக்கவில்லை. இதில் உங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது எது என்று கண்டுபிடித்துவிட்டால் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

இரண்டாவது: வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சரித்திர நாவலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தமிழில் வாசிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் முதலில் சேர்வது 'பொன்னியின் செல்வன்'தான். ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரை மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் காட்சியிலேயே உள்ளே இழுத்துவிடும். ஒரு அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு விழும், அதை அவிழ்க்க அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம், அங்கே வேறொரு முடிச்சு. இதை விரும்புகிறவர்கள் ராத்திரி முழுக்க வாசிப்பார்கள். பிடிக்காதவர்கள் சொல்கிற குறையும் நியாயமானதுதான்: முன்கதையைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறார், யாராவது எங்காவது மறைந்து நின்று எல்லா ரகசியத்தையும் கேட்டுவிடுகிறார்கள், ஐந்து பாகமும் நீளம். இதற்கெல்லாம் காரணம் அது பிறந்த விதம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை அது. போன வாரம் வாசித்ததை வாசகருக்கு ஞாபகப்படுத்த வேண்டும், அடுத்த வாரம் இதழ் வாங்க வைக்கவும் வேண்டும். அதனால் என் யோசனை, ஒரே மூச்சில் விழுங்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போதும். அப்படிப் படித்தால் அந்த நினைவூட்டல்கள் உறுத்தாது, முடிச்சுகளும் வேலை செய்யும்.

இந்த நாவலின் முடிவைப் பற்றிப் புதிய வாசகர்கள் புலம்புவது எனக்குப் பழக்கம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெளிவாகச் சொல்லவில்லையே, கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்பார்கள். தொடராக வாசித்தவர்களும் இதே குறையைச் சொன்னார்கள். அதற்காகவே கல்கி ஒரு நீண்ட முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று, சரித்திரக் கதையை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட முடியாதது ஏன் என்றெல்லாம் விளக்கினார். அதைத் தவறாமல் வாசியுங்கள். சரித்திர நாவலில் ஆசிரியரின் கை எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதில் புரியும். கரிகாலன் கொலை பற்றி நமக்குக் கிடைக்கிற முக்கியமான சான்று உடையார்குடிக் கல்வெட்டு. அதில் ரவிதாசனும் அவன் சகோதரர்களும் துரோகிகளாகக் குறிப்பிடப்படுகிறார்கள். வந்தியத்தேவன் பெயரும் குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. நாவலில் வருகிற நந்தினி முழுக்கக் கற்பனை. 'எது நிஜம், எது புனைவு' என்ற கேள்வி உங்களை வாசிக்கவிடாமல் குடைகிறது என்றால் நீங்கள் நாவலோடு கூடவே ஒரு வரலாற்று நூலையும் வைத்துக்கொள்கிற ரகம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நிறைய பேர் சோழர் வரலாற்றுக்குள் நுழைந்ததே அப்படித்தான்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, ஆகவே பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதா, சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பொடி எழுத்துப் பதிப்பை வாங்கிவிட்டுக் கதை இழுக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே களைத்தது கண்.

கடல், போர், சாகசம் வேண்டும் என்றால் சாண்டில்யன். அவரை வாசிக்கிறவர்கள் கப்பலுக்காகவும் வாள்சண்டைக்காகவும் வருகிறார்கள், நாயகியைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற இடத்தில் பொறுமை இழக்கிறார்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம், கதைக்கு நஷ்டம் வராது. ராஜா ராணியை மட்டுமே சுற்றாத சரித்திரம் வேண்டும் என்றால் 2011-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய, சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இருக்கிறது. ஆனால் அது ஆயிரம் பக்கத்துக்கு மேல், முதல் புத்தகமாக எடுக்காதீர்கள்.

அடுத்து க்ரைம். மாத நாவல்களாகப் பெட்டிக்கடையிலும் ரயில் நிலையத்திலும் தொங்கியவை இவை. ராஜேஷ்குமார் ஒருவரே 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடிக் கடைசியில் ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும் அமைப்பு இவருடைய வாசகர்களுக்கு நன்றாகப் பழகியது. இங்கே வாசகர் கேட்பது ஒரு நேர்மை: குற்றவாளி முன்னாலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும், தடயம் நம் கையிலும் கிடைத்திருக்க வேண்டும், ஆனாலும் நாம் தவறவிட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு பக்கத்தில் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து "இவன்தான்" என்றால் கோபம் வரத்தான் செய்யும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளில் வழக்கைவிட அந்த இரண்டு வக்கீல்களின் பேச்சுக்காகவே திரும்ப வருகிறவர்கள் அதிகம். புதியவர்களுக்கு நல்ல நுழைவாசல், வாக்கியங்கள் சின்னவை, ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆட்கள் மனதில் நிற்கவில்லை என்பது உங்கள் முதல் குறை என்றால் மட்டும் மாத நாவல்கள் சீக்கிரம் சலித்துவிடும்.

இப்போது இதைப் பாருங்கள். பூமணியின் 'வெக்கை'யில் ஆரம்பத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. வெட்டியவன் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். யார் செய்தது என்ற கேள்விக்கு இடமே இல்லை. அப்புறம் அப்பாவும் மகனும் எட்டு நாள் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், பழையதைப் பேசுகிறார்கள். துரத்தல் எங்கே, போலீஸ் எங்கே என்று காத்திருக்கிறவருக்கு இது நகராத கதை. அப்பனும் பிள்ளையும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், பயத்தோடு எப்படித் தூங்குகிறார்கள், குடும்பத்துக்கு நடந்த அநியாயம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது என்று பார்க்கிறவருக்கு மறக்கவே முடியாத புத்தகம். 2019-ல் இதைத் தழுவி வந்த 'அசுரன்' பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் சண்டைக் காட்சியைத் தேடாமல் வாசித்தால் நல்லது. கொலை இருக்கிறது என்பதால் ஒரு கதை க்ரைம் ஆகிவிடுவதில்லை. எந்தக் கேள்வியை அது நம்மிடம் கேட்கிறது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. இதற்காகவே இந்தப் புத்தகத்தைப் புதியவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

இலக்கிய நாவல் என்று சொல்லப்படுகிறவற்றின் மேல் வருகிற பெரிய புகார், "ஒன்றுமே நடக்கலையே." அசோகமித்திரனை முதல் முறை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். '18வது அட்சக்கோடு' ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில், செகந்திராபாதில் நடக்கிறது. நாடே கொந்தளிக்கிற நேரம், ஆனால் கதையில் ஒரு பையன் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரிகிறான். குரலை உயர்த்தாத சின்னச் சின்ன வாக்கியங்கள். அப்படியே போய்க் கடைசிச் சில பக்கங்களில் அவன் பார்க்க நேர்கிற ஒரு காட்சி, அது வரைக்கும் வாசித்த எல்லாவற்றுக்கும் எடை கூட்டிவிடும். இங்கே பொறுமைக்குக் கூலி கடைசியில்தான் கிடைக்கும், ஆகவே இதை முப்பதாம் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நேரம் குறைவு என்றால் அவருடைய 'தண்ணீர்' எடுங்கள். சின்ன நாவல், சென்னைத் தெருவில் குடமும் கையுமாக அலைகிற பெண்கள். தண்ணீர் லாரிக்காக ஒரு தடவையாவது நின்றவர்களுக்கு அதில் விளக்கவே ஒன்றும் தேவைப்படாது.

மொழி புரியவில்லை என்ற குறை வட்டார நாவல்களுக்குத்தான் அதிகம் வரும். கரிசல், நாஞ்சில் நாடு, கொங்கு, நெய்தல் கரை, ஈழம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. முதல் பத்துப் பக்கம் திணறும், அதை நம்பி மூடிவிடாதீர்கள். உரையாடல் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும், ஏனென்றால் அவர்கள் எழுதியதே காதில் கேட்டதைத்தான். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்திருக்கிறார். ஆனால் சொல் சொல்லாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை செத்துவிடும், பெரும்பாலான சொற்கள் இரண்டாம் முறை வரும்போது தானாகவே விளங்கிவிடும். ஈழத்து நாவல்களுக்கும் இதே வழிதான். "கதைத்துக்கொண்டு", "பெடியன்" எல்லாம் பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

குடும்ப நாவல், காதல் நாவல் வாசிக்கிறவர்களை மட்டமாகப் பேசுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. ரமணிசந்திரனை வாடகை நூலகத்தில் எடுத்து வாசித்து வாசிப்புக்குள் வந்த பெண்கள் எத்தனையோ பேர். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் எடுக்கிறார்கள், எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் சுகம். அதனால் "முடிவு முன்னாலேயே தெரிகிறது" என்பது இந்த வகைக்குக் குறையே இல்லை. அந்த வாசகர்களே சொல்கிற குறை வேறு: அதட்டுகிற, சந்தேகப்படுகிற நாயகனைக் கதாநாயகி ஒவ்வொரு தடவையும் மன்னித்தாக வேண்டியிருக்கிறதே என்பது. இந்தக் குறை நியாயமானது, இதைச் சத்தமாகவே சொல்லலாம்.

அறிவியல் புனைகதைக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போதும், ஆரம்பிக்க. எண்பதுகளில் எழுதி 2020-களில் நடப்பதாக அமைத்த கதை, ஜீனோ என்ற இயந்திர நாய்தான் எல்லோருக்கும் பிடித்த ஆள். விஞ்ஞானம் பாடமாக மாறுகிற இடத்தில் வாசகர் நழுவிவிடுவார் என்பதைத் தெரிந்து எழுதியது.

மொழிபெயர்ப்பில் இரண்டு தொல்லை. ஒன்று பெயர்கள். ரஷ்ய நாவல் என்றால் ஒரே ஆளுக்கு முழுப்பெயர், தந்தை பெயர் சேர்த்த பெயர், செல்லப்பெயர் என்று மூன்று வரும், யார் யாரென்றே தெரியாமல் தலை சுற்றும். ஒரு துண்டுத் தாளில் பெயர்களை எழுதிப் புத்தகக் குறியாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது பக்கத்துக்குப் பிறகு அது தேவைப்படாது. இரண்டு, வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஆசிரியரானாலும் வாசிக்க முடியாது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு உரையாடலைப் படியுங்கள். ஒரு மனிதர் இப்படிப் பேசுவாரா என்று தோன்றினால் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எழுத்தாளரே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அதற்குள் முடிவு செய்யாதீர்கள்.

கதை வேண்டாம், நிஜம் வேண்டும் என்கிறவர்கள் தன்வரலாறு பக்கம் வாருங்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' பெயரைக் கேட்டதும் பாடப்புத்தகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்கிற முன்சீப், இந்த இளம் தமிழ்ப் பண்டிதரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பட்டியல் போடுகிறார். அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார், இவருக்கோ அது கைக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையே திரும்புகிற அந்த இடம் எந்த நாவலுக்கும் குறைந்தது இல்லை. சுயமுன்னேற்ற நூல்களைப் பொறுத்தவரை வாசகர்களின் குறை ஒன்றே ஒன்று, பத்துப் பக்க விஷயத்தை இருநூறு பக்கத்துக்கு இழுப்பது. பொருளடக்கத்தையும் முதல் இரண்டு அத்தியாயத்தையும் வாசித்து மூன்றாவதில் புதிதாக ஏதும் இல்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

எதுவுமே முடிவாகவில்லை என்றால் சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்து பிள்ளையுடன் காபி குடிக்கிறார், பிள்ளையோ அவரிடம் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். அரை மணி நேரம் போதும், பிடிக்கவில்லை என்றாலும் இழப்பு அரை மணி நேரம்தான்.

மூன்றாவது: கையில் எடுத்துச் சோதியுங்கள்

பின்னட்டையை நம்பாதீர்கள், அதில் குறையே இருக்காது. முதல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, உரையாடல் வருகிற இடம் ஒன்று, இந்த மூன்றையும் கடையில் நின்றபடியே படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் கவனமாக எழுதுவார்கள், நடுப்பக்கம்தான் உண்மை சொல்லும்.

மற்றவர்களின் விமர்சனம் பார்க்கிறீர்களா? பாராட்டைவிடக் குறைகளை ஊன்றிப் படியுங்கள். "ரொம்ப மெதுவாகப் போகிறது, ஊரையும் வயலையும் வர்ணித்துக்கொண்டே இருக்கிறார்" என்று ஒருவர் சலித்துக்கொண்டால், உங்களுக்கு ஊரும் வயலும் பிடிக்கும் என்றால், அது உங்களுக்கான சிபாரிசு. ஐந்து நட்சத்திரத்தில் இந்தத் தகவல் கிடைக்காது. கதை முடிவைப் போட்டு உடைக்கிறவர்களும் உண்டு, க்ரைம் நாவல் என்றால் வாசித்து முடித்தபிறகு பாருங்கள்.

நான்காவது: எப்போது விடலாம்?

க்ரைம், காதல் நாவல் என்றால் முப்பது பக்கம். சரித்திர நாவலுக்கு முதல் பத்து அத்தியாயம். இலக்கிய நாவல், வட்டார நாவல் என்றால் எழுபது எண்பது பக்கமாவது கொடுக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவையுங்கள், ஆனால் மூடும்போது அந்தத் தாளில் ஒரு வரி எழுதுங்கள். இது சரியாக எழுதப்படவில்லையா, எனக்கு ஒத்துவரவில்லையா, இப்போதைக்கு வேண்டாமா? மூன்றும் வேறு வேறு. கடைசி ரகத்துப் புத்தகங்களைத் தானமாகக் கொடுத்துவிடாமல் அலமாரியிலேயே வையுங்கள். இருபது வயதில் ஒட்டாத குடும்பக் கதை கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபிறகு வேறு புத்தகமாகத் தெரியும்.

ஐந்தாவது: காசு செலவழிக்காமல் ஆரம்பியுங்கள்

ரசனை பிடிபடும்வரை நிறைய வாங்க வேண்டாம். ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருந்தால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் நாள் முழுக்க உட்கார்ந்து பத்துப் புத்தகத்தைப் பத்துப் பத்துப் பக்கமாகச் சுவைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு 1998 முதல் நடக்கிற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இருக்கிற நாட்டுடைமை நூல்களும் இலவசம். கல்கியும் புதுமைப்பித்தனும் அங்கேயே கிடைப்பார்கள்.

அடுத்த புத்தகம்

பிடித்த புத்தகத்திலிருந்து ஒரே ஒரு அடி மட்டும் தள்ளிப் போங்கள். கணேஷ், வசந்த் பிடித்ததா, அதே சுஜாதாவின் சிறுகதைகளுக்குப் போங்கள். 'வெக்கை' பிடித்ததா, கரிசல் எழுத்தாளர்களில் அடுத்தவரை எடுங்கள். 'தண்ணீர்' பிடித்தால் '18வது அட்சக்கோடு'. சரித்திரம் பிடித்து நீளம் பிடிக்கவில்லை என்றால் கல்கியிலேயே 'பார்த்திபன் கனவு', அளவில் சிறியது. ஒரே தாவலில் மாத நாவலிலிருந்து ஆயிரம் பக்க நாவலுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

இப்படி நாலைந்து புத்தகம் ஆனதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சென்னை, மதுரை, ஈரோடு என்று உங்களுக்குப் பக்கத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போங்கள். பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், பதிப்பகத்துக்காரர்களே அரங்கில் இருப்பார்கள். "நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று கேட்காமல், "எனக்கு இது பிடித்தது, இது இந்தக் காரணத்தால் பிடிக்கவில்லை, அடுத்து என்ன எடுக்கலாம்" என்று கேளுங்கள். பில் போடுகிறவரே எழுந்து வந்து அலமாரியில் தேடித் தருவார்.